பூட்டைப் பார்த்தவர் பாடத்தைப் பார்க்கவில்லை

உடலியங்கியல் வகுப்பில் எஸ்கேப் ரூம் (பாடப் புதிர்களை விடுவித்துப் பூட்டுகளைத் திறக்கும் குழு விளையாட்டு) நடத்துவது நேர விரயம், மருத்துவப் படிப்பைச் சிறுபிள்ளை விளையாட்டாக்கும் வேலை என்று கடந்த இதழில் பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டுரை முழுக்கக் கோபம். ஒரே ஒரு புதிரையாவது பிரித்துப் பார்த்த சுவடு இல்லை.

நான் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன். நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு: பிஹெச் 7.25, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 28, பைகார்பனேட் 12. எதிரே நான்கு பெட்டிகள். கார்பன் டை ஆக்சைடு குறைந்ததை மட்டும் பார்ப்பவர் 'ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ்' பெட்டியைத் திறப்பார். உள்ளே சாவி இருக்காது. 'அப்படியானால் பிஹெச் ஏன் இறங்கியது?' என்ற சீட்டு இருக்கும். குழுவில் வாக்குவாதம் மூளும். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, அதை ஈடுகட்டவே நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுகிறது, ஆகவே இது மெட்டபாலிக் அசிடோசிஸ் என்று அவர்களே கண்டடைவார்கள். சர்க்கரை நோய் முற்றி, மேல்மூச்சு வாங்க வருபவரை வெறும் பதற்றம் என்று திருப்பி அனுப்பாத மருத்துவர் இப்படித்தான் உருவாகிறார். இதில் எது சிறுபிள்ளைத்தனம்?

விரிவுரையில் பாடம் சீக்கிரம் முடியுமாம். யாருக்கு முடிந்தது? ஆசிரியருக்கு. மாணவருக்குப் புரியவில்லை என்பது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் அவருக்குத் தெரியும். பூட்டு அந்தக் கணமே சொல்லிவிடும். ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதக் கல்லூரி வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட முடிவு இது: மாணவர்களே பங்கெடுத்துக் கற்கும் வகுப்புகளோடு ஒப்பிட்டால், மரபான விரிவுரை வகுப்பு மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு 1.5 மடங்கு. அது எஸ்கேப் ரூமை மட்டும் அளந்த ஆய்வல்ல. ஆனால் விரிவுரையே போதும் என்ற வாதத்துக்கு அதன்பின் நிற்க இடமில்லை.

கெட்டிக்காரர் ஒருவரே எல்லாவற்றையும் திறந்துவிடுவார் என்கிறார் பேராசிரியர். தகவலைப் பிரித்துக் கொடுத்தால் எப்படித் திறப்பார்? நிமிடத்துக்கு 72 துடிப்பு என்ற அட்டை ஒருவரிடம். ஒரு துடிப்புக்கு 70 மில்லி லிட்டர் ரத்தம் என்பது இன்னொருவரிடம். இருவரும் பேசிப் பெருக்கினால்தான் 5040 என்ற பூட்டு எண் கிடைக்கும். கடைசி வரிசை மாணவரின் வாயைத் திறக்க விரிவுரை என்ன வழி வைத்திருக்கிறது?

பாடத்தோடு ஒட்டாத குறுக்கெழுத்துகளையும் ரகசியக் குறிகளையும் அடுக்கிவிட்டு அதைக் கற்பித்தல் என்பவர்களைக் கண்டியுங்கள். நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு தவறான பெட்டியும் ஏன் தவறு என்று உட்கார்ந்து பேசாத ஆசிரியரையும் கண்டியுங்கள். அவர்களின் சோம்பலைக் காட்டி, உழைத்து வடிவமைத்த வகுப்பையும் சேர்த்துப் புதைப்பது விமர்சனம் அல்ல. மாணவர் யோசிப்பதைக் காணப் பொறுமையில்லாத மேடைப்பேச்சு.