கூகுள் என்ன சாட்சியா?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உ.வே.சா. பற்றிப் பேத்தி பள்ளிக்குக் கட்டுரை எழுதினாள். கூகுளில் முதலில் வந்ததை அப்படியே இறக்கிவிட்டாள். "சீவக சிந்தாமணியை எழுதியவர்" என்று இருந்தது! எழுதியவர் திருத்தக்கதேவர். உ.வே.சா. 1887-இல் அதைப் பதிப்பித்தவர். அவள் அப்பனோ (என்னிடம் படித்தவன்தான், வெட்கம்!) "நெட்லயே அப்படித்தான் இருக்குப்பா" என்கிறான்.

கூகுள் பக்கத்தைத்தான் காட்டும். அதில் இருப்பது சரியா என்று பார்ப்பது நம் வேலை.

தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தைத் திறக்கச் சொன்னேன். நூலகப் பட்டியலில் தேடப் பொறுமை வேண்டும். 'சாமிநாதையர்' என்று அடி, 'சாமிநாத ஐயர்' என்றும் அடி, நூல் பெயரையும் அடி. ஓர் எழுத்து மாறினாலும் புத்தகம் ஒளிந்துகொள்ளும். 'என் சரித்திரம்' கிடைத்தது. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததால் அவர் சிந்தாமணிக்குள் நுழைந்த கதையை, அவர் வாயாலேயே படித்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

"இதுக்கெல்லாம் யாருக்குப்பா நேரம்?" என்றான் மகன். புது போன் வாங்க மூன்று நாள் வீடியோ பார்த்து ஒப்பிட்டவன்!

தேடத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். மாலை ஐந்துக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.