சிரிப்பதற்கும் காற்று வேண்டும்

தசராவில் தொடங்கித் தீபாவளி, சத் பூஜை வரை நீளும் நாள்களைத் தலைநகரின் கொண்டாட்டக் காலம் என்கிறோம். நடுத்தரக் குடும்பங்களுக்கோ அது கணக்குப் பார்க்கும் காலம். வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். உறவினருக்கும் மேலதிகாரிக்கும் முந்திரி, பாதாம் பெட்டி கொடுத்தாக வேண்டும். பிகாருக்குச் செல்வோர் ரயிலில் நிற்கவாவது இடம் பிடித்தாக வேண்டும். மத்திய அரசின் கடைநிலை ஊழியர் பலருக்குக் கிடைக்கும் 30 நாள் போனஸ், ஊதிய உச்சவரம்பு ரூ. 7,000 என்று வைத்துக் கணக்கிடப்படுவதால், 2025-லும் ரூ. 6,908-ஐத் தாண்டவில்லை. பண்டிகை நெருங்க நெருங்க ரத்த அழுத்தம் ஏறுவதில் வியப்பில்லை.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்றைத் தில்லியின் பூங்காக்களில் அதிகாலையில் காணலாம். ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் வட்டமாக நின்று, கைகளை உயர்த்தி, வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். டாக்டர் மதன் கட்டாரியா 1995 மார்ச் 13-ஆம் தேதி மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேருடன் தொடங்கிய சிரிப்பு மன்றத்தின் வழிவந்தவை இவை. முதலில் அங்கு நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்லித்தான் சிரித்தார்கள். இரண்டே வாரங்களில் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோய், பிறர் மனதைப் புண்படுத்துபவை தலைகாட்டின. அதன் பிறகே, துணுக்கே இல்லாமல் சிரிப்பைப் பயிற்சியாகச் செய்யும் முறை உருவானது.

அந்தத் திருத்தம் முக்கியமானது. 'கோபித்துக் கொள்ளாதே, இன்று ஹோலி' என்று சொல்லி வழியில் போகும் பெண்கள் மீது சாயத்தை வீசுவோரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஒருவருடைய மனச்சுமையை இறக்கி மற்றொருவர் தலையில் ஏற்றும் அந்தச் சிரிப்பு மருந்தாகாது. நாடாளுமன்றத்திலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். எதற்கெடுத்தாலும் அந்நிய உளவு அமைப்பின் சதி என்று பேசப்பட்ட 1970-களில், 'நான் சி.ஐ.ஏ. ஏஜெண்ட்' என்ற அட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு அவைக்கு வந்தவர் பிலூ மோடி. அவர் கேலி செய்தது தம்மையே. இன்று அவையில் எழும் சிரிப்பு பெரும்பாலும் எதிர்வரிசையை நோக்கி எறியப்படுவது. அதன் முடிவு வெளிநடப்பு.

வாய்விட்டுச் சிரிக்கும்போது உதரவிதானம் நன்கு இயங்குகிறது, மூச்சு ஆழமாகிறது, சிரித்து ஓய்ந்ததும் தசைகள் தளர்கின்றன. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் குறைவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. தனிமையில் இருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார் என்று கண்டறிந்தவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரோவைன். குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. மற்றபடி, சிரிப்புக்குத் தேவையானவை இரண்டுதான்: நாலு பேர் துணை, நல்ல காற்று.

தில்லியில் பண்டிகைக் காலத்தில் இல்லாமல் போவது இந்த இரண்டாவதுதான். வாகனப் புகை, கட்டுமானத் தூசி, அண்டை மாநிலங்களில் எரிக்கப்படும் வைக்கோல், இவற்றுடன் பட்டாசுப் புகையும் சேர, அசையாத குளிர்காற்றில் நஞ்சு தேங்கி நிற்கிறது. 2017-இல் பட்டாசு விற்பனைக்குத் தடை, 2018-இல் இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு, 2025-இல் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் அனுமதி என உச்ச நீதிமன்றம் பலவாறு முயன்று பார்த்துவிட்டது. (ஒவ்வோர் உத்தரவின்போதும் சிவகாசித் தொழிலாளர்களின் வயிறு கலங்குவது தனிக்கதை.) காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் காலையில் ஆழமாக மூச்சை இழுத்துச் சிரிப்பது நுரையீரலுக்கு நாமே இழைக்கும் தீங்கு.

அத்தகைய நாள்களில் கட்டுமானப் பணிகளை நிறுத்தவும், சிறுவர்களின் வகுப்புகளை இணைய வழிக்கு மாற்றவும் விதிகள் உள்ளன. முதியோருக்குக் கிடைப்பதோ 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்ற அறிவுரை மட்டுமே. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, நான்கு சுவர்களுக்குள் தனித்திருக்கும் முதியவரிடம் எஞ்சியிருந்த துணையையும் அது பறித்துவிடுகிறது. பண்டிகை நாளின் தனிமை மற்ற நாள்களின் தனிமையைவிடக் கொடியது என்பதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர்.

மாநகராட்சிக்கும் தில்லி வளர்ச்சி ஆணையத்துக்கும் நகரெங்கும் சமுதாயக் கூடங்கள் உள்ளன. திருமணங்கள் பெரும்பாலும் இரவில் நடப்பதால் காலையில் அவற்றில் பல பூட்டியே கிடக்கின்றன. அக்டோபர் முதல் ஜனவரி வரை, காலை 7 மணி முதல் 9 மணி வரை, பூங்கா மன்றத்தினருக்கு அவற்றைக் கட்டணமின்றித் திறந்துவிடலாம். கதவைச் சாத்தினால் மட்டும் உள்ளே இருக்கும் காற்று தூய்மையாகிவிடாது. எனவே கூடத்தின் அளவுக்கேற்ற காற்றுச் சுத்திகரிப்பான்களும் வேண்டும். காற்றைத் தூய்மைப்படுத்தச் சாலைகளில் தண்ணீர் பீய்ச்சும் வண்டிகளுக்கு ஒதுக்கப்படும் நிதியில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். அடுத்த தசராவுக்கு முன்பாகவே மாநகராட்சி இதற்கான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும்.