பதக்கம் தந்தால் போதுமா?

2011ஆம் ஆண்டில் நம் தீவைச் சேர்ந்த நர்ஸ் ஒருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் பெயர் சாந்தி தெரசா லக்ரா. அவர் டாக்டர் அல்ல, அதிகாரியும் அல்ல. ஏ.என்.எம். என்று நாம் சொல்லும் துணைச் செவிலி. ஊசி போடுவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பிரசவம் பார்ப்பது, வீடு வீடாகப் போய் நோயை விசாரிப்பது, இவைதான் அந்த வேலை.

அவர் யார் வீட்டுப் பிள்ளை? மத்திய அந்தமானில் ரங்கத்தில் பிறந்தவர். காடு வெட்டுவதற்காக சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்டு, 'ராஞ்சிக்காரர்' என்று அழைக்கப்படும் உழைப்பாளிகளின் வழிவந்தவர். நாமும் பிழைப்புக்காகக் கப்பலேறி வந்தவர்களே. இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட நம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். லக்ராவின் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு.

லிட்டில் அந்தமானில் டுகாங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கே பழங்குடியினரிடையே அவர் பணியாற்றினார். 1901இல் 672 பேராக இருந்த அம்மக்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் நூறு பேராகக் குறைந்திருந்தார்கள். வெளியார் கொண்டுவந்த நோய்கள் அவர்களை வாட்டியிருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் ஒரு வெளியாளின் ஊசிக்கு எளிதில் கை நீட்டுவார்களா? கூட இருந்து பழகித்தான் அந்த நம்பிக்கையைப் பெற வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. ஓங்கேக்கள் மேட்டுக் காட்டுக்குள் ஏறித் தப்பினார்கள். லக்ரா, தன் சிறு மகனைப் பிரிந்து, அவர்களோடு கூடாரத்தில் தங்கினார். சமூக சுகாதாரம் என்று பாடப் புத்தகங்கள் சொல்வதை அவர் காட்டுக்குள் செய்து காட்டினார்.

அவரைப் பாராட்டுகிறோம். அதோடு ஒரு கேள்வியும் கேட்கிறோம். அந்த நர்ஸை மாற்றிவிட இன்னொரு நர்ஸ் இருந்தால், ஒரு தாய் தன் பிள்ளையைப் பிரிந்து கிடக்க வேண்டுமா?

சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. இது தரைக்காரன் போட்ட கணக்கு, கடலை அறியாதது. நூறு பேர் வாழும் குடியிருப்பிலும் நடுராத்திரியில் பிரசவ வலி வரும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அந்த நேரத்தில் அங்கேயே ஒரு நர்ஸ் இருந்தால்தான் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள். ஆகவே தலையை எண்ணி அல்ல, கடலின் தூரத்தைப் பார்த்துப் பணியிடம் ஒதுக்க வேண்டும்.

2005இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் நாடெங்கும் நர்ஸ்கள் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள். வேலை நாளைக்கு உண்டா என்று தெரியாதவர் எப்படி ஒரு குடியிருப்பில் வேரூன்றுவார்? நிரந்தர வேலை, குடியிருக்க குவார்ட்டர்ஸ், விடுப்பு எடுத்தால் மாற்றாள், இவை சலுகைகள் அல்ல. மக்களின் உயிருக்கான ஏற்பாடுகள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "ராத்திரி டியூட்டி, பெண்பிள்ளைக்கு ஆகாது" என்று மகளின் நர்சிங் படிப்பைத் தடுக்காதீர்கள். தீவிலே பிறந்து, தீவின் மொழிகளைப் பேசும் பெண்கள்தான் இங்கே நிலைத்து நிற்பார்கள். காடு வெட்ட வந்தவர்களின் வீட்டுப் பெண் அதைச் செய்தார். நம் வீட்டுப் பெண்ணும் செய்வாள். அவளைப் படிக்க வைப்பது நம் கடமை. அவளுக்கு நிரந்தர வேலை தருவது அரசின் கடமை. அதை ஒன்றுபட்டுக் கேட்போம்.