14-க்கு ஒன்று, 3.5 சதவீதம்: அரசு மருத்துவக் கல்லூரியில் நமது இடம்

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே நிற்கும் அரசு பொது மருத்துவமனை, 1664-இல் கோட்டைக்குள் கம்பெனிப் படையினருக்காகத் தொடங்கப்பட்டது. அதையொட்டி 1835-இல் உருவான மருத்துவப் பள்ளியே 1850-இல் சென்னை மருத்துவக் கல்லூரியானது. இன்று அங்கே ஆண்டுக்கு 250 எம்பிபிஎஸ் இடங்கள் உள்ளன.

அன்றைய வகுப்புவாரி அரசாணைப்படி, சென்னை மாகாண அரசு மருத்துவக் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு ஒன்று முஸ்லிம்களுக்குரியது. மருத்துவம் படிக்க விரும்பிய செண்பகம் துரைராஜன் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1951-இல் உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த முதல் அரசியல் சாசனத் திருத்தம் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டைக் காப்பாற்றியது. ஆனால் முஸ்லிம்களுக்கான தனி ஒதுக்கீடு 2007-இல்தான் திரும்பி வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் 3.5 சதவீதம் நமக்குக் கிடைத்தது.

14-க்கு ஒன்று என்பது சுமார் 7 சதவீதம். இன்றைய பங்கு அதில் பாதிதான். எனினும் பழைய ஆணையில் அந்த ஓர் இடமே எல்லை, இன்று அப்படியில்லை. 31 சதவீதப் பொதுப் பிரிவு எல்லோருக்கும் உரியது. அதிக நீட் மதிப்பெண்ணுடன் அங்கே நுழையும் நம் பிள்ளை, ஒதுக்கீட்டு இடத்தை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறார்.

எனவே 3.5 சதவீதத்தை உயர்த்தக் கோருவோம். அதோடு, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழைக் கலந்தாய்வு நேரம் வரை தள்ளிப்போடாமல் இப்போதே வாங்கி வைப்போம். பெண் பிள்ளைகளையும் துணிந்து தயார்படுத்துவோம்.