திரையில் 275, உள்ளே எத்தனை?

போன மாதம் மாமா வீட்டுப் பின்வளவில் ஒரு சின்னச் சண்டை. ஆட்கள் பசியோடு நிற்கிறார்கள், கோழி இன்னும் மேசைக்கு வரவில்லை. மச்சான் தன் புது பெலற் ஸ்மோக்கருக்குப் பக்கத்தில் நின்று, "திரையில 275 காட்டுது, ஒண்டரை மணித்தியாலம் ஆச்சு, வெந்திருக்கும்" என்கிறான். நான் தொடையில் குத்திய தெர்மோமீற்றர் 61 பாகை செல்சியஸ் என்கிறது. கோழித்துண்டுக்கு ஹெல்த் கனடா சொல்லும் அளவு 74. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் அக்காவும் அந்தக் கோழியைத்தான் சாப்பிடப் போகிறா. கடைசியில் எல்லாரும் இரவு ஒன்பதரைக்குத்தான் சாப்பிட்டோம்.

(கனடாவில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய குழப்பம்தான்: வெளியே குளிர் செல்சியஸில், அவண் பரனைட்டில். 275 பரனைட் என்றால் 135 செல்சியஸ்.)

அடுத்த நாள் மச்சான் பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்றான். வேண்டாம் என்று நான் மறித்தேன். மெஷின் பிழையா என்று அவன் இன்னும் பார்க்கவே இல்லையே.

பெலற் ஸ்மோக்கர் 1980களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் செய்த யோசனை. 1986இல் காப்புரிமை எடுத்தார். ஒரு பெட்டியில் மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் குச்சிகள். ஒரு திருகுத்தண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புச் சட்டிக்குள் தள்ளும், விசிறி காற்று ஊதும். எவ்வளவு தள்ளுவது என்று தீர்மானிப்பது, உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் விரலளவு கம்பி ஒன்று. அதுதான் வெப்ப உணரி. திரையில் வரும் இலக்கம் அந்தக் கம்பி நிற்கிற இடத்து வெப்பம். இரண்டடி தள்ளி, தட்டின் மற்ற மூலையில் கிடக்கும் கோழிக்காலைப் பற்றி அந்தக் கம்பிக்கு ஒன்றும் தெரியாது. மூடியில் வட்டமாக ஒரு முள் மீற்றர் இருந்தால் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். அது இறைச்சிக்கு மேலே, மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றை அளக்கிறது.

அப்படியென்றால் எப்படிச் சோதிப்பது? முதலில் சோதிக்கிற தெர்மோமீற்றரைச் சோதியுங்கள். நம்மில் முக்கால்வாசிப்பேர் இதைச் செய்வதில்லை. ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பத் தண்ணீர் விட்டு, கலக்கி, அடியில் முட்டாமல் கம்பியை நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். பிறகு கொதிதண்ணீர், 100. ரொறன்ரோவில் இது சரிவரும். கல்கரிக்காரர் கவனம்: உங்கள் ஊர் 1000 மீற்றருக்கு மேலே இருக்கிறது, அங்கே தண்ணீர் 96, 97 பாகையிலேயே கொதித்துவிடும். அது தெரியாமல் நல்ல தெர்மோமீற்றரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இனி ஸ்மோக்கர். இறைச்சி எதுவும் வைக்காமல், தட்டு மட்டத்தில், சாப்பாடு கிடக்கும் இடத்தில் கம்பியைக் கவ்வியால் பிடித்து வையுங்கள். முக்கால் மணித்தியாலம் சூடாக விடுங்கள். மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், ஒரு மணித்தியாலம் எழுதி, சராசரி எடுங்கள். 225இல் வைத்த மெஷின் 210க்கும் 240க்கும் இடையே ஏறி இறங்குவது வழமையானது. குச்சி விழும்போது ஏறும், எரிந்து முடிய இறங்கும். போனில் 218 என்று கண்டவுடன் பதறி அமைப்பைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் கடைசியில் கரியைச் சாப்பிடுகிறவர்கள்.

எந்த மூலை அதிகம் சுடும் என்று பார்க்க வெள்ளைப் பாண் துண்டுகளைத் தட்டு முழுக்கப் பரப்பிவிட்டு, சூட்டைக் கூட்டி, சில நிமிடத்தில் நிறத்தைப் பாருங்கள். ஒரு பாண் விலையில் இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

இதையெல்லாம் சொன்னால் வீட்டில் ஒரு பதில் வரும்: "அம்மா எப்ப தெர்மோமீற்றர் வச்சுச் சமைச்சவ? எல்லாம் கைப்பக்குவம்." எனக்கு இந்தக் கதையில் உடன்பாடு இல்லை. அம்மாவின் ஆட்டுக்கறியில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை, அடுப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் சட்டி 100ஐச் சுற்றியே நிற்கும். அம்மாவுக்காக வெப்பத்தைப் பிடித்துவைப்பது அந்தக் குழம்பு. ஸ்மோக்கருக்குள் இருப்பது வெறும் காற்று. காற்று அடித்தால் இறங்கும், வெயில் பட்டால் ஏறும், குளிர் இறைச்சியை வைத்தால் பக்கத்தில் தணியும். அங்கே கைப்பக்குவம் என்று சொல்லிக்கொண்டு நிற்பது, அக்காவின் வயிற்றை வைத்துச் சூதாடுவது.

சரி, மச்சானின் மெஷினில் என்ன பிரச்சினை? சனிக்கிழமை இருவரும் இருந்து பார்த்தோம். உணரி இருக்கும் இடப்பக்கம் கிட்டத்தட்டச் சரி. கோழி கிடந்த வலப்பக்கம் சராசரி 40 பரனைட் குறைவு. கம்பியைத் தொட்டுப் பார்த்தால் கொழுப்பும் புகைக்கரியும் ஒரு படை ஏறிக் கிடக்கிறது, வாங்கி ஆறு கிழமைகூட ஆகவில்லை. துடைத்தோம். நெருப்புச் சட்டிக்குள் இருந்த சாம்பலை உறிஞ்சி எடுத்தோம். வித்தியாசம் 15க்கு வந்தது. அன்றைக்கு இரண்டு கிலோ கோழியை இடைவெளி விடாமல் அடுக்கியதும் அவன்தான். அதைச் சொன்னபோது கொஞ்சம் முகம் சுருங்கியது.

மெஷினின் அமைப்பில் 15 பாகையைக் கூட்டித் திருத்தலாமே என்று கேட்டான். அந்த வசதி அதில் இருக்கிறது. நான் விடவில்லை. வலப்பக்கத்துக்காகத் திருத்தினால் இடப்பக்கம் 15 கூடிவிடும். வலப்பக்கம் குறைவு என்று தெரிந்த பிறகு, அந்தப் பக்கம் சோளத்தை வைத்தால் போகிறது. கோழி வெந்ததா என்பதைத் தொடைக்குள் குத்திய கம்பிதான் சொல்ல வேண்டும், 74 வரும்வரை.

வாற சனி பிறிஸ்கெற் போடுகிறானாம். விடிய நாலு மணிக்கு நெருப்பு. ஐஸ் கட்டி நான் கொண்டுவாறேன் என்று சொல்லியிருக்கிறேன்.