கழுத்தில் ஒரு குழாய்! காவலுக்கு ஒரு நர்சு!

ராயபுரமானாலும் சரி, எண்ணூரானாலும் சரி, உடம்பு மோசமானால் வட சென்னைக்காரர்கள் ஓடுவது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத்தான். 1782-ம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பெரியவர்கள் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள்.

இத்தகைய பெரிய ஆஸ்பத்திரிகளில், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் கழுத்தில் மெல்லிய குழாய் ஒன்று செருகியிருக்கும். பார்க்கும் உறவினர் பதறிப்போவார்கள்.

அதன் பெயர் "சென்ட்ரல் லைன்". கையில் குத்தும் சலைன் ஊசி சிறு ரத்தக் குழாயோடு நின்றுவிடும். இதுவோ இருதயத்தின் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக் குழாய் வரை போகும். காரமான மருந்துகளை இதன் வழியே ஏற்றலாம். அவசர டயாலிசிசுக்கும் இதே மாதிரிக் குழாய்தான்.

குழாயைப் போடுகிறவர் டாக்டர். அதன்பின் இரவும் பகலும் காப்பவர் நர்சு.

குழாய் நழுவினால் ரத்தம் கொட்டும். கிருமி புகுந்தால் நேரே ரத்தத்தில் கலக்கும். உயிருக்கே ஆபத்து!

அதனால் தையல் போட்டோ, ஒட்டுப் பிடி வைத்தோ குழாயை அசையாமல் நிறுத்துகிறார்கள். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்திரி. சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று பிரிக்காமலே பார்க்கலாம். 7 நாளுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். துணிக்கட்டு என்றால் 2 நாள். நனைந்தாலோ, ஓரம் கிளம்பினாலோ உடனே மாற்றவேண்டும்.

இங்கேதான் சங்கடம்! சித்திரை மாதக் கடலோரப் புழுக்கத்தில், வியர்த்த கழுத்தில் பிளாஸ்திரி 7 நாள் தாங்குமா? ஓரம் கிளம்பியதைப் பார்க்கும் உறவினர், தாமே அழுத்தி ஒட்டக்கூடாது. நர்சைக் கூப்பிடவேண்டும்.

"நிறுத்துங்கள், டாக்டர்!"

டாக்டர் கை கழுவாமல் குழாய் போட வந்தால்?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநில ஆஸ்பத்திரிகள் ஒரு திட்டம் தொடங்கின. கை கழுவுதல், மருந்தால் தோலைத் துடைத்தல், உடம்பு முழுவதும் சுத்தமான துணி போர்த்துதல், தொடைப் பக்கம் குழாய் போடுவதைத் தவிர்த்தல், வேலை முடிந்ததும் எடுத்துவிடுதல். இவ்வளவுதான் விதி. தவறினால் டாக்டரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்சுக்கு!

அதற்குமுன் குழாய் இருந்த 1,000 நாளுக்குச் சராசரி 7.7 தடவை ரத்தத்தில் கிருமி புகுந்தது. 18 மாதத்தில் அது 1.4 ஆக இறங்கியது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை.

நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2020-ல் கிருமித் தடுப்பு விதிமுறைகளை வெளியிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி ஒருவருக்கு நர்சு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு.

விதி இருக்கிறது. பேசும் தைரியம்?

தமிழ்நாட்டில் 2015-ல் ஆயிரக்கணக்கான நர்சுகள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அரசு வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். நிரந்தர வேலை கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு சம்பளம் உயர்ந்தது, பலர் நிரந்தரமானார்கள். எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை.

வேலை நிலைக்குமா என்று தெரியாத ஒரு நர்சு, பெரிய டாக்டரைப் பார்த்து "முதலில் கை கழுவுங்கள்" என்று எப்படிச் சொல்வார்?