ரீகன் போடத் தயங்கிய கையெழுத்து

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, சத்தியமங்கலத்து டீக்கடைகளில் ட்ரம்பைத் திட்டாத வாயில்லை. சத்தி, புளியம்பட்டி வட்டாரத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆர்டர் நின்றால் வாரச் சம்பளம் நிற்கும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதே ட்ரம்ப், பதவியேற்ற மறுநாளே போட்ட இன்னொரு கையெழுத்து இங்கே பெரிதாகப் பேசப்படவில்லை. இட ஒதுக்கீட்டு அரசியல் பேசுகிறவர்கள் வரியைவிட அதைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2025 ஜனவரி 21 அன்று அவர் ரத்து செய்தது, 1965 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் பிறப்பித்த 11246 ஆம் எண் ஆணை. அதன் சாரம் எளிமையானது: அரசின் பணத்தில் தொழில் நடத்துகிற தனியார் நிறுவனம், ஆளெடுப்பில் இனப்பாகுபாடு காட்டக் கூடாது. காட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரத் திட்டம் போட்டு அதன்படி நடக்கவும் வேண்டும். குடியரசுக் கட்சிக்காரரான நிக்சனே 1969 இல் கட்டுமானத் தொழிலில் இதற்கு எண்ணிக்கை இலக்குகள் வைத்தார். அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இந்த ஆணையின் கீழ் வந்த நிறுவனங்களில் வேலை பார்த்தார்கள். தனியார் துறை இட ஒதுக்கீடு என்று நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதற்கு மிக அருகில் உள்ள ஏற்பாடு அது. அறுபதாண்டு காலம் நடைமுறையில் இருந்தது ஒரே கையெழுத்தில் போனது. ரத்து செய்த ஆணையின் பெயரிலேயே 'தகுதி அடிப்படையிலான வாய்ப்பை மீட்டெடுத்தல்' என்று இருக்கிறது. தகுதி! இந்தச் சொல்லை நமக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இது ட்ரம்பின் திடீர் யோசனையல்ல. இதன் விதை ரொனால்ட் ரீகனின் ஆட்சிக்காலத்தில் இருக்கிறது (1981-1989). 1980 ஆகஸ்டில், அதிபர் வேட்பாளராக, மிசிசிப்பி மாநிலத்தின் நெஷோபா மாவட்டத் திருவிழாவில் அவர் பேசினார். கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் 1964 இல் கொல்லப்பட்ட மாவட்டம் அது. அங்கே நின்று அவர் உச்சரித்த சொல் 'மாநில உரிமை'. நம் காதுக்கு இனிக்கும் சொல்தான். அந்த மண்ணிலோ, கறுப்பர்களை எப்படி நடத்துவது என்று வெள்ளையர்களே முடிவு செய்யும் உரிமை என்பது அதற்குப் பொருள்.

பதவியேற்பு உரையில், அரசாங்கம் நம் பிரச்சினைக்குத் தீர்வல்ல, அரசாங்கமே பிரச்சினை என்றார். அந்த ஆகஸ்டிலேயே வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை வேலையை விட்டு நீக்கினார். வருமான வரியின் உச்ச விகிதம் அவர் காலத்தில் 70 விழுக்காட்டிலிருந்து 28க்கு இறங்கியது. குறைந்தபட்சக் கூலியோ அவர் இருந்த எட்டாண்டும் மணிக்கு 3.35 டாலரிலேயே நின்றது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கும் சட்டத்தில் 1983 இல் கையெழுத்திட்டதும் இவரே. சிலைக்கு மாலை போட்டுக்கொண்டே உரிமையை அறுக்கும் கலை நம் தலைவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

1985 இல் அவருடைய சட்ட அமைச்சர் எட்வின் மீஸ் 11246 ஆம் ஆணையின் உயிரை எடுக்க ஒரு வரைவு தயாரித்தார். தொழிலாளர் துறை அமைச்சர் பில் பிராக் எதிர்த்தார். ரீகன் கையெழுத்திடவில்லை. ஆனால் வேறு வழியில் முயன்றார். அரசுப் பணம் பெறும் ஒரு கல்வி நிறுவனம் எந்தப் பிரிவிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று நாடாளுமன்றம் 1988 இல் இயற்றிய சட்டத்தைத் தன் தடை அதிகாரத்தால் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அந்தத் தடையை மீறி அதைச் சட்டமாக்கியது. பொதுப்பணத்தை வாங்கிக்கொள்ளலாம், பொதுநியாயத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இதுதான் ரீகனியத்தின் சுருக்கம்.

அதன் இந்தியப் பதிப்பு 1991க்குப் பிறகு நம்மிடம் வந்து சேர்ந்தது. மண்டல் பரிந்துரை அறிவிக்கப்பட்டது 1990 இல். அரசு சுருங்கத் தொடங்கியது அடுத்த ஆண்டு. இட ஒதுக்கீட்டின் விழுக்காட்டை யாரும் தொட வேண்டியதில்லை, அது நிற்கும் தரையை உருவினால் போதும். கோவையில் பங்கஜா, முருகன், கம்போடியா, ரங்கவிலாஸ் என்று தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் இருந்தன. பொதுத்துறை என்பதால் இட ஒதுக்கீட்டு விதி பொருந்தும் ஆலைகள். 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை அதன் பிறகு முறையாக ஓடவில்லை. தூய்மைப் பணியில் நடப்பது இன்னும் கொடுமை. 2025 ஆகஸ்டில், தனியாருக்குக் கைமாற்றப்பட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் இருந்த தொழிலாளர்களை 13 ஆம் தேதி இரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. சமூகநீதி பேசும் ஆட்சியில்தான். அந்த வேலை தனியாருக்குப் போனதும் நிரந்தரம் என்ற பேச்சு போய்விடுகிறது. துடைப்பம் பிடிக்கும் கையின் சாதி மட்டும் மாறுவதில்லை.

கொங்கு நாட்டில் அரசு வேலை எப்போதுமே சிறிய பங்குதான். இங்கே வேலை என்றால் மில், பனியன் கம்பெனி, விசைத்தறி, சுயநிதிக் கல்லூரி. திருப்பூர் முதலாளிகளைப் பற்றி ஷரத் சாரி 2004 இல் வெளியிட்ட 'ஃப்ரடெர்னல் கேப்பிடல்' என்ற ஆய்வுநூல், 'உழைத்து முன்னேறினோம்' என்ற அவர்களின் கதையைக் கேட்டு, அதற்குள் இருந்த கவுண்டர் சாதி உறவு வலையையும் எடுத்துக் காட்டியது. உழைப்பு பொய்யல்ல. ஆனால் அதே அளவு உழைத்த அருந்ததியருக்குக் கூட்டுச் சேர பங்காளி இல்லை, நம்பிக் கடன் கொடுக்க மாமன் மச்சான் இல்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: தோட்டத்து வேலையையும் அதன் அவமானங்களையும் விட்டு வெளியேற, எங்கள் பக்கத்துத் தலித் இளைஞர்கள் பலருக்கு வழி திறந்தது பனியன் கம்பெனிதான். அரசு அந்த வழியைத் திறக்கவில்லை. அதனால்தான் 'தனியார் ஒழிக' என்று முழங்குவதில் எனக்கு ஆர்வமில்லை. உள்ளே போனவர் ஹெல்பராகவே நிற்கிறாரா, டெய்லர் ஆனாரா, மேற்பார்வையாளர் ஆனாரா என்பதுதான் என் கேள்வி.

கல்லூரிக்கும் இதே கேள்வி. சென்ற ஆண்டு ஒரு சுயநிதிக் கல்லூரிக்கு உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போனேன். ஆய்வுத் தலைப்பைக் கேட்குமுன் சொந்த ஊர் கேட்டார்கள். "சத்தி" என்றேன். "சத்தியில எந்தப் பக்கம்ங்க?" தெருவின் பெயரைச் சொன்னேன். பிறகு கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. இதைத் தனிமனிதப் புலம்பல் என்று தள்ளுகிறவர்கள், சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007 இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கலாம். ஒரே தகுதி, வெவ்வேறு பெயர்கள் என்று தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது.

2004 இல் அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு தனியார் துறை இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு நடத்துவதாகச் சொன்னது. தொழிலதிபர் சங்கங்கள் 'தாமாக முன்வந்து' செய்கிறோம் என்றன. அதோடு கதை முடிந்தது. இதற்கிடையே அரசிடமிருந்து போனது என்ன? சிப்காட் நிலம், மூலதன மானியம், ஏற்றுமதி ஆடைகளுக்கு வரித் திருப்பம். ட்ரம்பின் வரி வந்ததும் பஞ்சு மீதான 11 விழுக்காடு இறக்குமதி வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. தொழில் பிழைக்க வேண்டும், உதவி செய்யட்டும். ஆனால் அந்த உதவியோடு, யாரை எந்த வேலையில் வைத்திருக்கிறாய் என்ற ஒரு கேள்விகூடப் போகவில்லை.

நாம் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியை. அதையும் அரசாணையாக அல்ல, சட்டமாக. 11246 விழுந்ததற்குக் காரணம் அது வெறும் ஆணையாக இருந்ததே. தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். 1992 நவம்பரில் மண்டல் வழக்கில் உச்சநீதிமன்றம் 50 விழுக்காடு வரம்பு வைத்தபோது, ஆணைகளில் நின்றிருந்த நம் 69 விழுக்காட்டை 1993 இறுதியில் சட்டமாக்கி, 1994 இல் 76 ஆவது திருத்தத்தின் வழியே ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தோம். அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் 2009 இல் சட்டமாகவே வந்தது.

முதல் படி கணக்கு. அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், எந்த இனத்தவர் எந்தப் பணியில் இருக்கிறார்கள் என்று 1966 முதல் ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்கிறது. மானியமும் நிலமும் வாங்கும் நிறுவனங்களிடம் சாதிவாரியாக அதே கணக்கைக் கேட்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் கொண்டுவரட்டும். அப்படிச் செய்தால் ஆர்டர் எல்லாம் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்பார்கள். 1985 இல் மீஸின் வரைவு வந்தபோது, அந்த ஆணையை நீக்க வேண்டாம், தொழிலுக்கு அது நல்லதே என்று ரீகனிடம் கேட்டுக்கொண்டது அமெரிக்க உற்பத்தியாளர்களின் தேசியச் சங்கம்.